மூளையிற் புதுக்கலம் முளைக்குமா?

புண்பட்ட தோல் சில நாளில் மூடிக்கொள்கின்றது. முறிந்த எலும்பு கட்டுப்போட்டு வைக்கப் பொருந்திவிடுகின்றது. ஈரலில் ஒரு பங்கை வெட்டியெடுத்தாலும் எஞ்சிய பங்கு வளர்ந்து குறையை நிரப்புகின்றது. செங்குருதிக் கலங்கள் ஏறக்குறைய 120 நாள் வாழ்ந்து மடிய, அவற்றினிடத்தைப் புதியன வந்து பற்றிக்கொள்கின்றன. இவ்வாறு தன்னைத் தானே செப்பனிட்டுக்கொள்ளும் உடம்பிலே மூளை மாத்திரம் இழந்ததை மீட்கமாட்டாதிருப்பதேன்? இவ்வினா மருத்துவருக்கு மட்டும் உரியதன்று. முதியோரை வீட்டில் வைத்துப் பேணும் எவருக்கும் ஒரு நாள் எழுவதேயாம்.

எம்மிடத்து இதனை எழுப்பியவர் எம்மோடு இக்கல்லூரி விடுதியிலே ஒரே வரிசையிற் பாய்விரித்துறங்கிய தோழரொருவர். முப்பதாண்டு கணிதம் படிப்பித்தவர். கவராயமின்றிக் கரும்பலகையில் வட்டம் வரைந்து மாணவரை வியக்கவைத்தவர். இன்று அவரது வலக்கை மடியிற் கிடக்கும்போது தானே நடுங்குகின்றது. எழுத்துச் சிறுத்துச் சிறுத்து எறும்பு வரிசை போலாயிற்று. பாக்கின்சன் நோய் என வைத்தியர் கூறினர். அயல்நாட்டு நகரொன்றிலுள்ள வைத்திய நிலையமொன்று, புதிய மூளைக்கலங்களை ஊசிமூலம் ஏற்றி இந்நோயைத் தீர்ப்பதாக விளம்பரஞ் செய்திருந்தது. அதனை நம்பிய அவருடைய மைந்தர் பத்துப் பரப்புத் தோட்டக் காணியை விற்கப் பேச்சுக்கொடுத்துவிட்டார். தோழர் அவ்விளம்பரத்தை எம்முன் நீட்டி, "நீர் உயிரியல் படிப்பித்தவர். இது மெய்யோ பொய்யோ, ஒரு சொல்லிற் சொல்லும்," என்றார்.

ஒரு சொல்லில் விடையிறுக்க எம்மால் இயலவில்லை. அன்று மாலை அவர் வீட்டு விறாந்தையிலிருந்து யாம் கூறியவற்றையும், பின்னர் நூல்களைப் பார்த்துத் திருத்திக்கொண்டவற்றையும் ஒழுங்குபடுத்தி இம்மலரில் எழுதுகின்றோம். உயர்வகுப்பு மாணவர்க்கும் இது பயன்படுமென நம்புகின்றோம்.

மனித மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்புக்கலங்கள் உள. தமிழகத்தார் உயிரணு என்பதனையே யாம் கலம் என்கின்றோம். நரம்புக்கலம் ஏனைய கலங்களைப் போல உருண்டையாய் ஒடுங்கிக் கிடப்பதன்று. மரம்போலக் கிளைவிட்டு, ஒரு நீண்ட நாரையுஞ் செலுத்தி, ஆயிரக்கணக்கான பிற கலங்களோடு தொடர்பு கொண்டிருப்பது. இவ்வடிவினைத் தெளிவுறக் கண்டு வரைந்து காட்டியவர் சுப்பெயின் தேசத்து இறமொன் இ கஹால் என்னும் பேரறிஞர். இளமையிலே அடங்காப் பிள்ளையாயிருந்தமையால் தந்தையார் இவரை நாவிதரிடத்துஞ் சப்பாத்துத் தைப்போரிடத்துந் தொழில் பழக விட்டனர் என்பர். பரீட்சையிற் பின்தங்கிய மாணவர் இதனை நினைவிற்கொள்ளலாம். 1906 ஆம் ஆண்டிலே நோபெற் பரிசினை இத்தாலியரான கொல்சியுடன் இவர் பகிர்ந்துகொண்டார். கொல்சி கண்டுபிடித்த வெள்ளிச் சாயமுறையே இவருக்குக் கண்ணாய் உதவியது. ஆயினும் நரம்பின் அமைப்புப்பற்றி இருவரும் பரிசு மேடையிலும் ஒத்துப்போகவில்லை.

நரம்பின் சிதைவும் மீள்வளர்ச்சியும்பற்றி 1913, 1914 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட பெருநூலிலே கஹால் ஒரு தீர்ப்பினை வழங்கினார். வளர்ந்தோரின் மூளையில் நரம்பு வழிகள் முடிந்த முடிபாகிவிட்டன. அங்கே அழிவு உண்டு, மீட்சி இல்லை என்பதே அத்தீர்ப்பின் பொருள். இக்கொடிய விதியை மாற்றுதல் வருங்கால விஞ்ஞானத்தின் கடன் எனவும் அவர் உடன் கூறியிருந்தார். பின்வந்தோர் முற்பகுதியைப் பாடமாக்கிக்கொண்டு பிற்பகுதியை மறந்தனர். யாம் படித்த காலத்தும் எமக்கு முற்பகுதி மட்டுமே சொல்லித்தரப்பட்டது. அதனையே யாமும் பல்லாண்டு பிறர்க்குச் சொல்லிக்கொடுத்தோம் என்பதனை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

இனி, மூளையிலே ஒரு கலம் நேற்றுப் பிறந்ததோ, தாயின் வயிற்றிலிருந்தே உடன்வந்ததோ என அறிவது எங்ஙனம்? நுணுக்குக்காட்டியினூடே நோக்கினால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். கலத்திற்குப் பிறப்புச் சாட்சிப்பத்திரம் இல்லை. ஆகவே ஆராய்ச்சியாளர் அதற்கு ஒரு குறியிட்டாக வேண்டும். இத்துறையின் சரித்திரம் முழுவதும் இக்குறியின் சரித்திரமே என்று கூறினும் பொருந்தும்.

ஒரு கலம் இரண்டாகப் பிரியுமுன் தன் டீ.என்.ஏ. முழுவதையும் இரட்டித்துக்கொள்ளல் வேண்டும். அதற்குத் தைமிடின் என்னும் பொருள் தேவை. கதிர்த்தொழிற்பாடுள்ள ஐதரசனைச் சேர்த்த தைமிடினை விலங்குக்கு ஊசிமூலம் ஏற்றினால், அந்நேரத்திற் பிரியுங் கலங்கள் மட்டும் அதனை உட்கொள்ளும். பின்னர் மூளையை மெல்லிய சீவல்களாக அரிந்து, படப்பிடிப்புக்குரிய பசையைப் பூசி இருளில் வைத்தால், புதிய கலங்களின் மேற் கரும்புள்ளிகள் தோன்றும். அமெரிக்காவின் மசச்சூசெற்றுத் தொழினுட்பக் கழகத்திலே யோசேப்பு அல்ற்மன் என்பவர் இம்முறையை வளர்ந்த எலிகளிற் கையாண்டார். 1962 ஆம் ஆண்டில், வளர்ந்த முலையூட்டிகளின் மூளையிற் புதிய நரம்புக்கலங்கள் தோன்றுகின்றனவா என ஒரு வினாவையே தலைப்பாக்கிக் கட்டுரை வெளியிட்டார். 1965 இல் கோபால் தாசு என்பாருடன் சேர்ந்து, தோன்றுகின்றன என்பதற்கு விரிவான சான்று காட்டினார். அவர் அவற்றைக் கண்ட இடம் ஹிப்பொகாம்பசு என்னும் பகுதி. கடற்குதிரை போல் வளைந்திருத்தலின் இப்பெயர் பெற்றது. புதியனவற்றை நினைவிற் பதிக்கும் வாயில் இதுவேயாம்.

உலகம் இதனைப் பொருட்படுத்தவில்லை. புள்ளியிட்ட கலங்கள் நரம்புக்கலங்கள் தாமோ, அவற்றுக்குத் துணைநிற்குஞ் சிறு கலங்களோ என ஐயம் எழுப்பினர். அவ்வையம் நேர்மையற்றதென்று யாம் கூறோம். சாதாரண நுணுக்குக்காட்டியால் அதனைத் தீர்த்தல் அரிது. 1977 இல் மைக்கேல் கப்பிலன் என்பவர் இலத்திரன் நுணுக்குக்காட்டியைக் கொண்டு, குறியேற்ற கலங்கள் நரம்புக்கலங்களின் உறுப்பமைதி பெற்றிருத்தலைக் காட்டினார். அவருக்குங் கிடைத்தது அதே மௌனம். 1985 இல் யேல் பல்கலைக்கழகத்துப் பாசுக்கோ இறாக்கிச்சு என்னும் பெரும்புலவர் குரங்குகளை ஆராய்ந்து, வளர்ந்த குரங்கின் மூளையிற் புதிய நரம்புக்கலம் எதனையுங் காணவில்லை எனத் தெரிவித்தார். கற்றதனை நெடுங்காலம் காக்கவேண்டிய மூளை கலங்களை அடிக்கடி மாற்றிக்கொள்ளாதிருத்தலே தகுதி என்பது அவரது கருத்து. அவருடைய சொல்லுக்கிருந்த மதிப்பால் வழக்கு முடிந்ததென்றே பலரும் எண்ணினர். ஆயின் 1999 இல் வளர்ந்த குரங்கின் ஹிப்பொகாம்பசிலே புதிய கலங்கள் தோன்றுகின்றன என்று வெளிவந்த கட்டுரையொன்றின் ஆசிரியர் இருவருள் இறாக்கிச்சும் ஒருவர். தாம் முன்னர் எழுதியதனைத் தாமே திருத்தியெழுதும் இம்மரபு எமது பட்டிமன்றங்களுக்கும் வந்தால் நன்று.

இதற்கிடையே விடை வந்த வழி ஒரு பறவையின் பாட்டு. கனேரி என்னுஞ் சிறு பறவையின் ஆண் ஆண்டுதோறும் பாட்டை மாற்றிப் புதியன கற்கும். நியூயோர்க்கு நகரின் இறொக்கபெல்லர் பல்கலைக்கழகத்துப் பெர்னாந்தோ நொற்றபோம், பாட்டுக்குரிய மூளைப்பகுதி இளவேனிலிற் பெருத்துப் பின்னர்ச் சுருங்குதலைக் கண்டார். 1983 இல் கோல்ட்மன் என்பாருடன் அங்கே புதிய நரம்புக்கலங்கள் தோன்றுதலையும், அடுத்த ஆண்டிற் பேற்றன் என்பாருடன் அக்கலங்கள் ஒலி கேட்டவிடத்து மின்றுடிப்புக் காட்டுதலையும் நிறுவினார். புதுக்கலம் பிறப்பது மட்டுமன்று, வேலையுஞ் செய்கின்றது என்பது இதனாற் புலப்பட்டது. 1992 இல் கனடாவின் கல்கரி நகரிலே இறெயினோல்ட்சு, வைசு என்னும் இருவர் வளர்ந்த சுண்டெலியின் மூளையினின்றும் மூலக்கலங்களைப் பிரித்துக் கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்த்தனர். மூலக்கலம் என்பது வேறு கலங்களாக விருத்தியடையும் ஆற்றலைத் தன்னகத்தே வைத்திருப்பது.

எலியும் பறவையும் போகட்டும், மனிதன் எப்படி? கதிர்வீசும் ஊசியை மனிதர்க்கு ஏற்றி, மூளையை வெட்டிப் பார்த்தல் ஆகாது. இங்கே ஒரு தற்செயல் உதவிற்று. புற்றுநோயின் வளர்ச்சியை அறியும்பொருட்டுச் சில நோயாளருக்குப் புரோமோடியொட்சியூரிடின் என்னும் பொருள் ஏற்றப்பட்டிருந்தது. இதுவுந் தைமிடினைப் போலப் பிரியுங் கலங்களிற் புகுவது. சுவீடின் தேசத்து எரிக்சனும் அமெரிக்காவின் கேச்சும் அவர்தங் குழுவினரும், அந்நோயாளருள் ஐவர் இறந்தபின் அவர்களின் மூளையை ஆராய்ந்தனர். அவர்கள் 57 வயதுக்கும் 72 வயதுக்கும் இடைப்பட்டோர், நோயால் நலிந்தோர். அவர்களின் ஹிப்பொகாம்பசிலும் குறியேற்ற நரம்புக்கலங்கள் இருந்தன. 1998 இல் இச்செய்தி வெளிவந்தபோது கஹாலின் தீர்ப்பு ஏறக்குறைய 85 ஆண்டு பழமையுடையதாயிருந்தது.

அடுத்து வந்த குறி எவரும் எண்ணிப்பாராதது. 1950 ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதி முதல் 1963 வரை வல்லரசுகள் வானவெளியில் வெடித்த அணுக்குண்டுகளால் வளியிலுள்ள காபன்-14 ஏறக்குறைய இருமடங்காயிற்று. 1963 ஆகத்தில் அமெரிக்காவும் சோவியத்து ஒன்றியமும் பிரித்தானியாவும் ஒப்பந்தஞ் செய்து அவ்வெடிப்புக்களை நிறுத்தியபின், அது கடலிலும் உயிர்களிலும் கலந்து ஆண்டுதோறுங் குறைந்து வந்தது. வளியின் காபனைப் பயிர் உண்ணும். பயிரை யாம் உண்போம். ஒரு கலம் பிறக்கும்போது அதன் டீ.என்.ஏ. அந்த ஆண்டின் காபனைக் கொண்டே ஆக்கப்படும். பின்னர் அது மாறுவதில்லை. ஆகவே கலத்தின் டீ.என்.ஏ.யிலுள்ள காபன்-14 அளவை வளியின் அளவோடு ஒப்பிட்டால் அது பிறந்த ஆண்டு தெரியவரும். அவ்வளி உலகெங்குங் கலந்தது. 1960 ஆம் ஆண்டுகளில் எமது விடுதியிற் புழுங்கலரிசிச் சோறுண்ட பழைய மாணவர் ஒவ்வொருவரும் தம்முடம்பில் அந்தக் குண்டுகளின் நாட்குறிப்பைச் சுமந்துகொண்டே இவ்வெழுத்தைப் படிக்கின்றனர். அழிவுக்கென ஆக்கிய ஒன்று இவ்வாறு அறிவுக்குப் பயன்பட்டது விந்தையே.

இம்முறையைக் கண்டவர் சுவீடினின் கரோலின்சுக்கா நிறுவகத்தைச் சேர்ந்த யோனாசு பிறிசேன் என்பவரும் அவர் குழுவினரும். 2006 இல் அவர்கள் கூறியது, மூளையின் மேற்பட்டையிலுள்ள நரம்புக்கலங்கள் மனிதனோடு ஒத்த வயதின என்பது. அங்கே கஹால் சொன்னதே சரி. 2013 இற் கூறியது, ஹிப்பொகாம்பசிலே நாளொன்றுக்கு ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 700 புதிய நரம்புக்கலங்கள் சேர்கின்றன என்பது. ஒரே முறை ஓரிடத்தில் இல்லை என்றும் மற்றோரிடத்தில் உண்டு என்றுஞ் சொல்லியமையால் அதன்மேல் எமக்கு மதிப்பு மிகுகின்றது.

ஆயினும் வழக்கு முடியவில்லை. 2018 இல் சன்பிரான்சிசுக்கோவிலுள்ள குழுவினர், இளங்கலங்கள் பிள்ளைப்பருவத்தில் விரைந்து குறைந்து, பதின்மூன்று வயதினளவில் அரிதாகி, வளர்ந்தோரிற் காணப்படவேயில்லை என்றனர். அடுத்த மாதமே கொலம்பியாப் பல்கலைக்கழகத்தார், 79 வயதினரிடத்தும் உள என்றனர். ஒரே உறுப்பு, ஒரே ஆண்டு, இரண்டு விடை! 2019 இல் மத்திரித்து நகரத்துக் குழுவொன்று, இறந்தவரின் மூளை போமலின் நீரில் நெடுநேரங் கிடந்தால் குறி அழிந்துவிடும் என்று காட்டி, விரைவிற் பதப்படுத்தியவிடத்து 87 வயதினரிடத்தும் இளங்கலங்களைக் கண்டது. அல்சைமர் நோயாளரிடம் அவை குறைந்திருத்தலையும் அது குறித்தது. 2025 இற் பிறிசேன் குழுவினர், பிரியுந் தாய்க்கலங்களையே வளர்ந்தோரிடங் கண்டதாக வெளியிட்டனர். ஆயின் சிலரிடம் மிகுதி, சிலரிடம் இல்லையென்னும் அளவு. உண்டு என்னும் பக்கமே இன்று கனக்கின்றது எனினும், எவ்வளவு என்பதில் இணக்கம் ஏற்படவில்லை.

இங்கே தோழர் எம்மை இடைமறித்து, "எனக்கு நாளொன்றுக்கு எழுநூறு முளைக்குமாயின் கை ஏன் நடுங்குகின்றது?" என்றார். கணித ஆசிரியரின் கேள்வி. விடை இடத்திலே இருக்கின்றது. முளைப்பது ஹிப்பொகாம்பசில். அவர் இழந்தது நடுமூளையிலே கருநிறப் பகுதி எனப்படும் சிறு திட்டில். அங்கே டொப்பமீன் என்னும் பொருளைச் சுரக்கும் நரம்புக்கலங்கள் சில இலட்சமே உள. அவை தம் நார்களை மேலேயுள்ள வரித்திரள் என்னும் பகுதிக்குச் செலுத்தி அங்கே டொப்பமீனைப் பாய்ச்சுகின்றன. உடலசைவைத் தொடக்குதற்கும் அடக்குதற்கும் அது வேண்டும். நடுக்கமும் விறைப்பும் வெளிப்படும்போதே அக்கலங்களுள் அரைப்பங்கோ அதனின் மிகையோ அழிந்திருக்கும். அவ்விடத்தில் இயற்கை புதியன முளைப்பித்துக் குறைதீர்த்ததாகச் சான்றில்லை.

இந்நோயை இலண்டன் வைத்தியரான யேம்சு பாக்கின்சன் 1817 இல் விவரித்தார். எமது பழைய வைத்திய நூல்கள் இத்தகைய நடுக்கத்தைக் கம்பவாதம் என்கின்றன. டொப்பமீனின் குறைவே காரணம் என்பதனை 1960 இல் வியன்னாவிலே ஓர்னிக்கியேவிச்சு காட்டினார். மூளைக்குட் சென்று டொப்பமீனாக மாறும் லெவோடோபாவை 1961 இல் அவரும் பேர்க்மயரும் நோயாளருக்கு ஏற்றினர். 1967 இற் கொற்சியாசு என்பவர் வாய்வழிப் பேரளவிற் கொடுத்து அதனை நிலையான மருந்தாக்கினார். வேலியிற் படர்ந்து தொட்டாற் சுணைக்கும் பூனைக்காலியின் விதையிலே இப்பொருளே உள்ளதென 1937 இற் சென்னையில் தாமோதரன், இராமசுவாமி என்னும் இருவர் பிரித்துக் காட்டியிருந்தமை இங்கே குறிப்பிடத்தக்கது. ஆயினும் விதையை அரைத்துக் குடித்துவிடலாம் என எவரும் எண்ணவேண்டா. அதில் அளவு ஒருபடித்தாயிராது. மாத்திரை நன்மருந்தே. ஆண்டுகள் செல்ல அதன் பயன் நிலைக்கும் நேரங் குறுகுதலும், வேண்டாத உடலசைவுகள் தோன்றுதலும் அதன் குறைகள். அன்றியும் அது அழிந்த கலத்தைத் தருவதில்லை.

அழிந்த கலத்தையே தரலாமே என்னும் முயற்சி சுவீடினின் இலுண்டு நகரில் 1987 இல் தொடங்கிற்று. கருச்சிதைவிற் பெற்ற முதிராக் கருவின் நடுமூளை இழையத்தை நோயாளரின் வரித்திரளில் வைத்தனர். கருநிறப் பகுதியில் வையாது வரித்திரளில் வைத்ததேன்? அவ்வளவு தூரம் நார் வளர்வது அரிது. தூர்ந்த கிணற்றை விட்டுவிட்டு, வாய்க்கால் முடியும் பாத்தியிலேயே குடத்து நீரை ஊற்றுவது போன்றது அது. சில நோயாளர் மிகுந்த பயன் பெற்றனர். ஆனால் ஒருவர்க்கு வேண்டிய கலங்களுக்குப் பல கருக்கள் வேண்டியிருந்தன. அறநெறியாலும் அளவாலும் அது எங்கும் பரவ இயலாத வழி.

2001 இல் அமெரிக்காவில் வெளிவந்த பரீட்சையொன்றினைத் தோழருக்கு யாம் விரித்துரைத்தோம். நாற்பது நோயாளர். அவருட் பாதிப்பேருக்குக் கலம் வைக்கப்பட்டது. மற்றைப் பாதிப்பேருக்கு மண்டையோட்டிலே துளை மட்டும் இட்டு, உள்ளே ஒன்றும் வையாது மூடினர். எவர்க்கு எது என்பது நோயாளர்க்குத் தெரியாது. இது கொடுமையன்றோ எனத் தோழர் கேட்டார். ஆராய்ச்சியாளருள்ளும் அவ்வாறு கேட்டவர் உளர். ஆயின் பாக்கின்சன் நோயிலே நம்பிக்கை ஒன்றே சில காலம் உடலை இலகுவாக்கிவிடும்; நம்பிக்கையின் பங்கைக் கழித்தாலன்றிக் கலத்தின் பங்கு தெரியாது. கழித்துப் பார்த்தபோது, ஓராண்டு முடிவில் நோயாளர் தாமே கூறிய நலத்தில் இரு பகுதியினருக்கும் வேறுபாடில்லை. அறுபது வயதுக்குட்பட்டோரிடம் அசைவிற் சிறிது திருத்தங் காணப்பட்டது. கலம் பெற்றோருள் நூற்றுக்குப் பதினைவருக்குப் பின்னாளில், மருந்தை நிறுத்தினும் நில்லாத வேண்டா அசைவுகள் வந்தன. கலம் உயிர்த்தது, ஆயின் அளவறிந்து வேலை செய்யவில்லை. 2008 இல் வேறொரு செய்தியும் வந்தது: பத்தாண்டுக்கு மேலாக மூளையிலிருந்த ஒட்டுக் கலங்கள் சிலவற்றிலும் அந்நோயின் அடையாளங்கள் புகுந்திருந்தன. புதிய குடியிருப்பாளரையும் பழைய நோய் பற்றிக்கொண்டது.

கருக்களை நாடவேண்டாத வழியைத் திறந்தவர் யப்பானியரான யமனக்கா. 2006 இல் எலியிலும் 2007 இல் மனிதரிலும், வளர்ந்த தோற்கலத்திலே நான்கு பரம்பரையலகுகளை இயங்கச்செய்து அதனைக் கருவின் மூலக்கலம் போலாக்கினார்; 2012 இல் நோபெற் பரிசு பெற்றார். இவ்வாறு பெற்ற மூலக்கலத்தை டொப்பமீன் சுரக்குங் கலமாகும் நிலைவரை வளர்த்து, 2018 இற் கியோத்தோப் பல்கலைக்கழகத்திலே தக்ககாசி யூன் என்பாரின் குழு முதலாவது நோயாளருக்கு ஏற்றிற்று. மொத்தம் எழுவர். 2025 இல் வெளியான முடிவின்படி, ஈராண்டுக் காலத்திற் கட்டி எதுவுந் தோன்றவில்லை. கலங்கள் உயிரோடிருந்து டொப்பமீனை ஆக்கின. பயனை அளந்த அறுவருள் நால்வர்க்கு, மருந்தின் வேகம் ஓய்ந்த வேளையிலும் அசைவு திருந்தியிருந்தது. அதே காலத்தில் அமெரிக்காவிலுங் கனடாவிலும் பன்னிருவர்க்குக் கருவின் மூலக்கலவழிக் கலங்களை ஏற்றிய பரீட்சையும், பதினெட்டு மாதத்தில் தீங்கின்மையையுந் திருத்தத்துக்கான அறிகுறிகளையுந் தெரிவித்தது. இவ்விரண்டிலுந் துளை மட்டும் இட்ட ஒப்பீட்டுக் குழு இருக்கவில்லை என்பதை மறத்தலாகாது. தீங்கு உண்டோ என்று பார்த்தலே அவற்றின் முதல் நோக்கம்.

பாக்கின்சன் நோயில் இவ்வளவேனும் இயன்றது, குறை ஒரு சிறு திட்டில், ஒருவகைக் கலத்தில், ஒரு சுரப்பிற் பெரிதும் அடங்கியிருத்தலால். அல்சைமர் நோயில் அழிவு மூளையெங்கும் பரந்தது. பாரிசவாதத்திற் கலமும் நாரும் குருதிக்குழாயும் ஒருங்கே அழிகின்றன. அங்கே கலத்தைக் கொண்டுபோய் வைப்பது, வீடு எரிந்த இடத்திலே கதவொன்றை நட்டுவைப்பதனோடு ஒக்கும்.

வெளியிலிருந்து வையாது, மூளையிலுள்ள துணைக்கலங்களையே நரம்புக்கலங்களாக மாற்றலாம் என்று 2020 இல் ஒரு பேராரவாரம் எழுந்தது. ஒரு தனிப் பொருளை அடக்கினால் எலியின் துணைக்கலம் நரம்புக்கலமாகின்றது, நோயும் நீங்குகின்றது என்றனர். 2021 இல் வேறொரு குழு கலங்களின் பரம்பரையைக் கண்டிப்பாகத் தொடர்ந்து பார்த்தது. புதியன எனப்பட்டவை முன்பே அங்கிருந்த பழைய நரம்புக்கலங்களே. குறிதான் இடம் மாறிப் படிந்திருந்தது. அல்ற்மனை அன்று கேட்ட கேள்வியையே அறுபதாண்டு கழிந்தும் கேட்கவேண்டியிருந்தது.

விளம்பரக் கடதாசியை யாம் மறுபடியும் எடுத்துப் பார்த்தோம். எந்தக் கலம் என்றில்லை. எங்கிருந்து பெற்றது என்றில்லை. கை நரம்பில் ஊசி என்றிருந்தது. கைநரம்பிலேற்றிய கலம் மூளையின் வரித்திரளைத் தேடிச் சென்று குடியேறிக் கிளைவிடும் என்பதற்குச் சான்று காட்டவில்லை. எத்தனை பேருக்கு ஏற்றினர், ஏற்றாதவரோடு ஒப்பிட்டனரா, இரண்டாண்டின் பின் அவர்கள் எப்படியிருக்கின்றனர் என்றும் இல்லை. இருந்தவை மூன்று நன்றிக்கடிதங்களும் வங்கிக் கணக்கிலக்கமும். 2009 இல் வைத்திய இதழொன்றில் வெளிவந்த செய்தியையும் மைந்தர் கேட்கக் கூறினோம். மொஸ்கோ நகரிலே மூளையிற் கருவின் நரம்பு மூலக்கலங்களை ஏற்றுவித்த இசுரவேற் சிறுவனொருவனுக்கு, சில ஆண்டில் மூளையிலும் முள்ளந்தண்டுவடத்திலுங் கட்டிகள் வளர்ந்தன. அவனிடமிருந்து எடுத்த கட்டி அவனுடைய கலங்களாலன்றி, ஏற்றிய கலங்களால் ஆனதெனக் கண்டனர். வளரும் ஆற்றலுக்காகவே நாம் விரும்பும் கலம், நிறுத்துவாரின்றி வளரவும் வல்லது.

மைந்தர் ஒன்றும் பேசவில்லை. தந்தைமேல் வைத்த அன்பாற் செய்யப்போனதை எப்படிக் குறைகூறுவது? யாமும் கூறவில்லை.

தோழரோ கடதாசியை மடித்துக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டார். பின், "அந்தக் கியோத்தோக்காரர் கணக்கெடுத்தது ஆறு பேரையா?" என்று மறுபடியுங் கேட்டார். ஆம் என்றோம். "எங்கள் விடுதிச் சாப்பாட்டு மேசைக்கே எட்டுப் பேரல்லவா, ஐசே," என்றார்.

அடுத்த மாதம் அவர் தம் நரம்பியல் வைத்தியரிடஞ் சென்று மாத்திரை நேரங்களை மாற்றி எழுதுவித்துக்கொண்டார். மாலையிற் கோயில் வீதியை இரண்டுமுறை சுற்றி நடக்கின்றார். நடை அவருக்கு நன்மையென வைத்தியரும் சொல்லியிருக்கின்றார். அறுவரின் கணக்கு அறுபதாகவும் அறுநூறாகவும் வரும் வரையிற் காத்திருக்கத் தமக்கு நேரம் உண்டோ என்பது தெரியாது எனவும், பரீட்சை எதற்காவது இந்நாட்டிலும் ஆள் சேர்ப்பார்களாயின் தமது பெயரை முதலில் எழுதும்படியும் எம்மிடஞ் சொல்லி வைத்திருக்கின்றார். பத்துப் பரப்பிலும் இம்முறை வெங்காயம் நட்டிருக்கின்றது.